இஸ்தான்பூலில் கண்ட விளக்கு மீன்

துருக்கியின் இஸ்தான்பூல் நகரம் இரண்டு கண்டங்களில் பரந்து கிடப்பதைப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஐரோப்பியக் கரையான எமினோனுவில் கப்பல் ஏறினால் சுமார் 20 நிமிடங்களில் ஆசியக் கரையான காடிக்கோய் வந்துவிடும். அங்குள்ள மீன் சந்தைக்கு நானும் மனைவியும் போனோம்.

வெள்ளியாய் மின்னிய மீன்களுக்கிடையே ஒன்று வாயைப் பிளந்து கிடந்தது. பெரிய தலை, தலையளவு வாய், உள்நோக்கி வளைந்த பற்கள், செதிலில்லாத வழுவழுத்த தோல். "சீ! இதையும் மனிதன் தின்பானா?" என்று சொல்லிவிட்டேன்.

மனைவி மெதுவாகக் கேட்டார்: "நபி (ஸல்) அவங்க எந்தச் சாப்பாட்டையும் குறை சொன்னதில்லை என்று பிள்ளைகளுக்கு நீங்கதானே ஓதிக் கொடுக்கிறீங்க?"

எனக்கு வெட்கமாகிவிட்டது.

ஆங்கிலேயர் அதை 'மொங்க்பிஷ்', அதாவது துறவி மீன் என்பர். துருக்கியர் வைத்த பெயர் 'ஃபெனர்', விளக்கு மீன். அது கடலடி மணலில் அசையாமல் கிடக்கும். முதுகின் முதல் முள் தூண்டில் கம்பு போல் தலைக்கு மேல் நீண்டிருக்கும். அதன் நுனியில் ஒரு சதைத் துணுக்கு. அதை ஆட்டினால் இரையென்று நம்பிச் சிறு மீன்கள் நெருங்கும். மறுகணம் வாய்க்குள் போய்விடும். பெண் மீன் இடும் பத்து இலட்சத்துக்கும் அதிகமான முட்டைகள் நீண்ட பசை நாடாவாகக் கடலில் மிதக்கும். ஓடித் திரியாத இதற்கும் ரிஸ்கைத் தேடி வரச் செய்பவன் அல்லாஹ். சுப்ஹானல்லாஹ்!

ஹலாலா என்று கேட்பீர்கள். கடல் வேட்டை ஆகுமானதென்று சூறா அல்மாயிதாவின் 96ஆம் வசனம் கூறுகிறது. ஹனபி மத்ஹபில் கடற்பிராணிகளில் மீன் மட்டுமே ஹலால். செவுளும் துடுப்பும் உள்ள இதுவும் மீன்தான். நமது ஷாபிஈ மத்ஹபிலோ கேள்வியே இல்லை.

பெரும்பாலும் வாலைத்தான் சமைக்கிறார்கள். நடுவில் ஒரே தண்டு முள். சிறு முள் கிடையாது. தோலுக்கு அடியிலுள்ள சவ்வையும் உரித்துவிட வேண்டும், இல்லையேல் சதை சுருங்கிவிடும். அன்று பகல் கம்பியில் கோத்துச் சுட்டுத் தந்தார்கள். வெண்மையான, இறுக்கமான சதை. சிங்கி இறால் சாப்பிட்டது போலிருந்தது. முன்பு ஐரோப்பிய மீனவர் பலர் வேண்டாமென்று கடலில் வீசிய மீன், இன்று விலை கூடிய மீன்!

சகோதரிகளே, அடுப்படியில் வெந்து நீங்கள் ஆக்கிய ஆணத்தை "உப்பில்லை, உறைப்பில்லை" என்று ஒதுக்கும் ஆண்களில் நானும் ஒருவனாக இருந்திருக்கிறேன். விரும்பினால் உண்பதும், விரும்பாவிட்டால் பேசாமல் விடுவதும்தான் நபிவழி. இந்தப் பக்கத்தை உங்கள் வீட்டு ஆண்களுக்கும் வாசிக்கக் கொடுங்கள்.