அகராதியில் எங்கள் பெயர்

பாப்பாரப்பட்டியில் எங்கள் காலனிப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித்தருகிறேன். போன வாரம் பத்தாவது படிக்கும் பெண் ஒருத்தி ஆங்கிலப் பேப்பரைக் காட்டி, "'பரியா ஸ்டேட்'டுன்னா என்னக்கா?" என்றாள். மற்ற நாடுகள் ஒதுக்கிவைத்த நாடு என்றேன். எழுதிக்கொண்டாள்.

அந்தச் சொல்லை 'பரையா' என்று உச்சரிக்க வேண்டும். நான் திருத்தவில்லை. திருத்தினால் அவளுக்குப் புரிந்துவிடும்.

ஆம், நம் 'பறையர்'தான் ஆங்கிலத்தில் 'பரையா' ஆனது. 17ஆம் நூற்றாண்டில் இங்கு வந்துபோன ஐரோப்பியர்கள் கொண்டுபோன சொல். முதலில் ஒரு சாதியின் பெயராகத்தான் எழுதினார்கள். பிறகு ஒதுக்கப்பட்டவர் யாராக இருந்தாலும் 'பரையா' என்றானது. தெருநாய்க்கும் அந்தப் பெயரை வைத்தார்கள். எம்.ஏ. சமூகவியலில் மாக்ஸ் வெபர் யூதர்களைப் 'பரையா மக்கள்' என்று எழுதியதைப் படித்தோம். அந்தச் சொல் எங்கிருந்து போனது என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆனால் பறை என்றால் முரசு. சொல்லுதல், அறிவித்தல் என்றும் பொருள். மலையாளத்தில் பேசுவதற்கு இன்றும் 'பறயுக' என்றே சொல்கிறார்கள். அகராதியில் ஏறிய பொருள் இதுவல்ல, ஊர் எங்களுக்குச் செய்த கொடுமை.

இந்தப் பெயரை என்ன செய்வது என்று நம் முன்னோர்களும் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். 1893இல் ரெட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்றே இதழ் நடத்தினார். அயோத்திதாசர் அது பிறர் சுமத்திய பெயர் என்று மறுத்தார். எம்.சி. ராஜா போன்றோர் முயற்சியால் 1922இல் சென்னை மாகாண அரசு 'ஆதிதிராவிடர்' என்ற பெயரை ஏற்றது. அதே 1922இல் பாரிசில் ஹோசிமின்னும் தோழர்களும் தொடங்கிய காலனி எதிர்ப்புப் பத்திரிகையின் பெயர் 'லெ பரியா'. எங்கோ இருந்த அடிமைப்பட்ட மக்கள் அந்தப் பெயரில் தங்களைக் கண்டார்கள்.

இன்று ஒருவர் பொது இடத்தில் எங்களைச் சாதி சொல்லி இழிவுபடுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. தலையங்கத்தில் ஆங்கிலத்தில் எழுதினால் அது நல்ல நடை!

இரண்டு நாள் கழித்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "பேப்பர்ல எழுதுறவங்களுக்கு இது தெரியுமாக்கா?"

தெரியாது என்றால் இப்போது தெரிந்துகொள்ளட்டும். ஒதுக்கப்பட்ட நாட்டைக் குறிக்க ஆங்கிலத்தில் வேறு சொற்கள் இருக்கின்றன.