ஆச்சியின் வராக்கடன்

நான் பி.காம். படித்தவன். கணக்கு நோட்டைப் பார்த்தால் கண் தானாக வரவு எது, செலவு எது என்று தேடும். என்னைத் திணறடித்தது ஒரே ஒரு நோட்டுதான். ஆச்சி இறந்த பதினாறாம் நாள், அவளுடைய டிரங்குப் பெட்டியில் கிடைத்த நாற்பது பக்க நோட்டு.

ஆச்சியை உங்களுக்குத் தெரிந்திருக்காது. கோவில்பட்டியில் எங்கள் தெருவில் 'நர்ஸம்மா வீடு' என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கையைக் காட்டும். தாத்தா மிலிட்டரி. வருஷத்தில் இரண்டு மாசம் லீவு. மிச்ச பத்து மாசமும் இன்லேண்ட் லெட்டரும் மணியார்டரும்தான் ஆச்சிக்குப் புருஷன். 1971 போரில் தாத்தா கிழக்கு எல்லையில். லெட்டர் வராத வாரங்களில், நைட் டூட்டியைக் கேட்டு வாங்கிக்கொள்வாளாம். ''சும்மா படுத்தா கண்டதும் தோணும்லா!''

கரிசல் மண் எப்படி என்றால், மழை பெய்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும்; கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். மழையை நம்ப முடியாதவர்கள் தீப்பெட்டி ஆபீஸை நம்பினார்கள். அங்கே கை வெந்தவர்கள் முதலில் வந்து நின்றது எங்கள் திண்ணையில்தான். தண்ணீர்ப் பஞ்சம் வந்தால் கூடவே வயிற்றுப்போக்கும் வரும். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீர், தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு விடிய விடியப் புகட்டுவாள். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து மறுபடியும்.

இந்தத் தண்ணீருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. அதே 1971-ல், மேற்கு வங்காளத்தின் பொங்காவ் அகதி முகாமில் காலரா. சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை வாய்வழியாகவே கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. 2022-ல் அவர் காலமான பிறகு, 2023-ல் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். தாத்தா துப்பாக்கியோடு நின்ற எல்லையில் உயிர் காத்த வைத்தியம், எங்கள் திண்ணைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது!

நோட்டுக்கு வருகிறேன். 'தீப்பெட்டி ஆபீஸ் பிள்ளை, ஊசி மருந்து - 15.' 'பருத்திக்காரர் மருமகள் - 40.' கொடுத்த பக்கம் நிறைய. வந்த பக்கம் காலி. காமர்ஸில் இதற்கு 'வராக்கடன்' என்று பேர். சிரித்துக்கொண்டே அம்மாவிடம் காட்டினேன்.

அம்மா சிரிக்கவில்லை. ஒரு பக்கத்தில் விரல் நின்றது. 1977, ஜூன். 'பிரசவ கேஸ், ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கார் - 200.'

''இது நான் பி.யூ.சி. சேர வெச்சிருந்த பணம்டா'' என்றாள்.

அம்மா அதற்கப்புறம் படிக்கவில்லை. ''ஊருக்கெல்லாம் அம்மாவா இருந்தா. எனக்குத்தான் நர்ஸா இருந்துட்டா'' என்று சொல்லிவிட்டு நோட்டை மூடினாள். என்ன பதில் சொல்வீர்கள்? அன்றைக்கு அந்தத் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள் என்று எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். ஆனால், அம்மாவின் இழப்பை யார் கணக்கில் எழுதுவது?

அன்று ராத்திரி பதினோரு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். தெருவுக்குப் புதுசாகக் குடிவந்த பெண். தோளில் துவண்ட குழந்தை. ''நர்ஸம்மா வீடு இதானே? காலைலருந்து வயித்தால போகுது...''

ஆச்சி இல்லை என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள், உள்ளே அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்டது. அம்மா தண்ணீர் கொதிக்கவைத்து, ஆறவைத்து, சர்க்கரையைத் தலைதட்டி ஆறு தடவை அளந்தாள். குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டாள். ''விடிஞ்சதும் ஆஸ்பத்திரிக்குப் போயிரு தாயி. அதுவரைக்கும் இங்கயே இரு'' என்றாள்.

அந்த நோட்டு இப்போது என்னிடம்தான் இருக்கிறது. இன்னும் டாலி ஆகவில்லை. உங்கள் வீட்டிலும் ஊர் கொண்டாடும் ஒரு மனுஷி இருந்திருந்தால், அவள் கொடுத்ததில் யாருடைய பங்கு போனது என்று ஒருதரம் விசாரித்துப் பாருங்கள். அவருக்கும் நாம் கடன்பட்டவர்கள்தானே!