விவாதமில்லாமல் போகும் கோடிகள்

2025 பிப்ரவரி 25 அன்று பிரிட்டன் பிரதமர் கீர் ஸ்டார்மர், ராணுவச் செலவை 2027-க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்தப்போவதாக நாடாளுமன்றத்தில் அறிவித்தார். பணம் எங்கிருந்து வரும் என்பதையும் கூடவே சொன்னார். வெளிநாட்டு உதவி நிதி தேசிய வருமானத்தில் 0.5 சதவீதத்திலிருந்து 0.3 ஆகக் குறையும். மூன்றே நாளில் வளர்ச்சித் துறை அமைச்சர் அனலீஸ் டாட்ஸ் பதவி விலகினார். சங்கரன்கோவிலை விட்டு வந்து இங்கே வரி கட்டுகிற எனக்கு அந்த முடிவில் உடன்பாடில்லை. ஆனால் எதை வெட்டி எதற்குக் கொடுக்கிறோம் என்று சபையில் வெளிப்படையாகச் சொல்லும் வழக்கம் இந்தியாவுக்கும் வேண்டும் என்பேன். பிரிட்டனில் அது பழைய வழக்கம். கொரியப் போருக்காக ஆயுதம் குவிக்க 1951-ல் நிதியமைச்சர் கெய்ட்ஸ்கெல், இலவச மருத்துவத்தில் பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் விதித்தார். அந்த மருத்துவ சேவையை உருவாக்கிய அனூரின் பெவன் அமைச்சர் பதவியை உதறினார். ஹெரால்ட் வில்சனும் கூடவே போனார். அத்தனை ஆயுதத்தை அந்த வேகத்தில் செய்யவே முடியாது என்பதும் அவர்கள் வாதம். மறு ஆண்டே சர்ச்சில் அரசு அந்த ஆயுதக் குவிப்பின் வேகத்தைக் குறைத்தது.

இதைச் சொல்வதால் பிரிட்டனுக்குப் பல்லக்குத் தூக்குவதாக நினைக்க வேண்டாம். மாற்றுத்திறனாளிகளின் உதவித்தொகையில் கைவைக்க 2025-ல் இதே அரசு முயன்றபோது, ஆளுங்கட்சி உறுப்பினர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் எதிர்த்து நின்றார்கள். ஜூலை 1 அன்று அந்தப் பகுதியை அரசு கைவிட்டது. முதியோரின் குளிர்கால எரிபொருள் உதவியும் பெரும்பாலானோருக்குத் திரும்பக் கிடைத்தது. வெளிநாட்டு உதவிக்கான வெட்டு மட்டும் அப்படியே நின்றது. அதனால் பாதிக்கப்படும் ஆப்பிரிக்க, ஆசிய ஏழைகளுக்கு இங்கே ஓட்டு இல்லையே! விவாதம் நியாயத்துக்கு உத்தரவாதம் தராது. ஆனால் யார் தலையில் கை வைத்தார்கள் என்பதையாவது காட்டிவிடுகிறது.

இந்தியாவில் அதுகூடத் தெரிவதில்லை. 2023 மார்ச்சில் சுமார் 45 லட்சம் கோடி ரூபாய் பட்ஜெட்டை மக்களவை அமளிக்கு நடுவே, விவாதமே இல்லாமல், சில நிமிடங்களில் நிறைவேற்றியது. ராணுவத்தின் 5.94 லட்சம் கோடியும் அதில் அடக்கம். ஆனால் இலவசங்கள் பற்றிய பேச்சுக்குக் குறைவே இல்லை. பிரதமரே 2022-ல் அதை 'ரேவடி' கலாசாரம் என்று சாடினார். சங்கரன்கோவில் விசைத்தறிக்காரருக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரத்தைத் தமிழக அரசு 2023-ல் 1,000 ஆக்கியது. பொங்கல் வேட்டி சேலையைப் போலவே அதையும் யாரும் கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும். இந்த இலவசங்கள் மாநிலச் செலவு, ராணுவம் மத்தியச் செலவு, இரண்டையும் ஏன் சேர்த்துப் பேசுகிறாய் என்பார்கள். அந்த விசைத்தறிக்காரர் நூல் வாங்கும்போது கட்டுகிற ஜிஎஸ்டி இரண்டு கஜானாவுக்கும்தான் போகிறது.

எல்லையில் சீனா நிற்கும்போது, பாகிஸ்தானுடனான 2025 மே மாத மோதலுக்குப் பிறகும், ராணுவக் கணக்கைச் சந்தியில் வைத்துப் பேசலாமா என்பது இதைவிடக் கனமான கேள்வி. போர்த் திட்டத்தை யாரும் கேட்கவில்லை. 2025-26-க்கு ஒதுக்கிய 6.81 லட்சம் கோடியில் ஏறத்தாழ 1.6 லட்சம் கோடி ஓய்வூதியம். ஆயுதம் போன்ற மூலதனச் செலவு 1.8 லட்சம் கோடி. இந்தப் பிரிப்பில் என்ன ரகசியம்? 2022-ல் வந்த அக்னிபத் என்ற ராணுவ ஆள்சேர்ப்புத் திட்டம், நான்காண்டுப் பணிக்குப் பின் நால்வரில் ஒருவரைத்தான் நிரந்தரமாக்கும். மற்ற மூவருக்கும் ஓய்வூதியம் கிடையாது. படையை இளமையாக்கவே இது என்கிறது அரசு. இருக்கலாம். ஆனால் படைக்குள்ளேயே நடக்கும் சிக்கனம் இது. வெட்டு விழுவதோ சீருடை போடக் காத்திருக்கும் கிராமத்துப் பையன்மேல். இத்தனை பெரிய மாற்றம் நாடாளுமன்றத்தில் பேசி முடிவாகவில்லை, அறிவிப்பாகத்தான் வந்தது. கேள்வி கேட்டால் படை பலவீனமாகும் என்பவர்கள் 2017-ல் வெளியான தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கையைப் புரட்டலாம். வெடிமருந்து வகைகளில் 40 சதவீதம் பத்து நாள் போருக்குக்கூடத் தாங்காது என்று அது எழுதியது. அந்தக் குறையை வெளியே கொண்டுவந்தது எதிரி நாட்டு உளவாளி இல்லை, கணக்குப் பார்த்த நம் அதிகாரிகள்.