அப்பாவின் 800-க்கு நான் போட்ட அகல டயர்

எங்கள் வீட்டு மாருதி 800, நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, 2008-ல் வந்தது. திண்டுக்கல்லில் அப்பாவுக்கு அதுதான் கால். சென்னையிலிருந்து நான் எந்த நேரத்துக்குப் போய் இறங்கினாலும் பஸ் ஸ்டாண்டில் கார் நிற்கும்.

தீபாவளி போனஸில் அந்த காருக்கு ஏதாவது செய்ய ஆசைப்பட்டேன். கொஞ்சம் வேகம் எடுத்தால் முன்பக்கம் அலைபாயும். பள்ளத்தில் இறங்கினால் 'கடக்' என்று சத்தம் வரும். 'அகல டயர் போட்டால் ரோட்டைக் கவ்விப் பிடிக்கும்' என்று ஏதோ ஒரு வீடியோவில் பார்த்தேன். நம்பிவிட்டேன்.

800-க்கு கம்பெனி கொடுத்தது 145/70 R12. அதாவது அகலம் 145 மி.மீ, பக்கச் சுவர் உயரம் அதில் 70 சதவிகிதம், ரிம் 12 இன்ச். நான் போட்டது 13 இன்ச் அலாய் வீலில் 155/65 டயர். நான்குக்கும் பணம் பத்தவில்லை. முன்னால் மட்டும் இரண்டு.

"நல்லா இருக்கும்மா" என்றார் அப்பா.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டில் கார் இல்லை. ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனால், கார் மேல் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு தூசி. "பஸ்ஸே வசதியா இருக்கும்மா" என்றார் அப்பா. அம்மாதான் அடுப்படியில் மெதுவாகச் சொன்னார். "அவருக்குத் தோள்பட்டை வலி. ஸ்டீயரிங் திருப்ப முடியலடி. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டார்."

அந்த காரில் பவர் ஸ்டீயரிங் கிடையாது. டயர் அகலமானால், நின்ற இடத்தில் திருப்ப அதிக பலம் வேண்டும். அது எனக்குத் தோன்றவே இல்லை.

பொங்கல் முடிந்ததும் நானே காரை மெக்கானிக் அண்ணனிடம் ஓட்டிப்போனேன். ஜாக்கி போட்டுத் தூக்கி, வீலை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார். ஆடியது. பால் ஜாயின்ட் தேய்ந்திருந்தது. லோயர் ஆர்ம் புஷ் வெடித்திருந்தது. ஒரு பக்கம் ஸ்ட்ரட்டில் ஆயில் கசிந்திருந்தது. அலைபாய்ந்ததும் சத்தம் போட்டதும் இவைதான்.

"செருப்பை மாத்துனா முட்டி வலி போயிடுமா பாப்பா?" என்றார்.

இன்னும் சொன்னார். புது டயரின் விட்டம் பழையதைவிட சுமார் 24 மி.மீ அதிகம். மீட்டர் 60 காட்டும்போது கார் 63-ஐ நெருங்கியிருக்கும். ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால் டயர் உள்ளே உரசிய தடமும் இருந்தது. "இதையெல்லாம்விட முக்கியம், முன்னாடி மட்டும் பிடிமானம் கூடினா, மழையில வளைவுல பின்பக்கம் வழுக்கிட்டு வரும்" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அப்பா பஸ்ஸில் போனதே நல்லது என்று அந்த நிமிடம் தோன்றியது.

பால் ஜாயின்ட், புஷ், இரண்டு பக்கமும் ஸ்ட்ரட் எல்லாம் புதிதாகப் போட்டோம். ஸ்ட்ரட்டை ஒரு பக்கம் மட்டும் மாற்றக் கூடாதாம். மாடியில் கிடந்த பழைய ரிம்மில் அதே 145/70 R12 அளவில் புது டயர். வாங்கும்போது பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் பார்க்கச் சொன்னார். 3424 என்றால் 2024-ன் 34-வது வாரம் தயாரானது என்று அர்த்தம். கடைசியாக வீல் அலைன்மென்ட். சஸ்பென்ஷனில் கை வைத்தால் இதைத் தவிர்க்கவே கூடாது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சாவியைக் கொடுத்தேன். தெருமுனை வரை போய், திரும்பி வந்து நிறுத்தினார். ஒன்றும் சொல்லவில்லை.

அன்று இரவு எனக்கு சென்னை பஸ். ஆட்டோ கூப்பிட போனை எடுத்தேன். அதற்குள் வாசலில் ஹாரன் சத்தம்.

"ஏறும்மா, நேரமாச்சு."

பஸ் ஸ்டாண்ட் வளைவில் ஒற்றைக் கையால் ஸ்டீயரிங்கைத் திருப்பிவிட்டு, ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார்.