இடமிருந்தால் ஏறலாம்

கட்டுநாயக்கா விமான நிலையத்தின் புறப்பாட்டு மண்டபத்தில், தம் பெயர் அழைக்கப்படுமா என ஓரமாய்க் காத்து நிற்கும் சிலரை நேயர்கள் கண்டிருக்கலாம். சென்ற ஆண்டு ஆவணியில் நாமும் எம் துணைவியாரும் அக்கூட்டத்தோடு இரண்டு இரவுகள் நின்றோம்.

எம் மகன் விமான நிறுவனமொன்றில் உத்தியோகம் பார்க்கிறான். அவனாற் கிடைத்தவை 'ஸ்ரான்ட்பை' சீட்டுகள். கட்டணம் சொற்பம், ஆசனமோ நிச்சயமில்லை. விலைபோகாத இடம் எஞ்சினால் நமக்கு, எஞ்சாவிடின் மறுநாள். ரொறொன்ரோவிலே எம் தமக்கையாரின் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை திருமணம். தாய்மாமன் வராமல் மணவறை ஏறமாட்டேன் என அவள் தொலைபேசியிற் கூறியிருந்தாள். நாம் கட்டுநாயக்கா சேர்ந்ததோ புதன் இரவு.

வளைகுடா வரை இடமிருந்தது. அங்கிருந்து ரொறொன்ரோ செல்லும் விமானம் நிறைந்துவிட்டது. நியூயோர்க் விமானத்திலோ ஆசனங்கள் பல வெறுமையாம். அங்கே இறங்கி வேறு விமானம் ஏறினால் ரொறொன்ரோ அண்மைதானே என மகிழ்ந்தோம். கருமபீடத்து உத்தியோகத்தர் எம் கடவுச்சீட்டுகளைப் புரட்டி, "ஐயா, அமெரிக்க விசா இருக்கிறதா?" என்றார். கனடிய விசா மட்டுமே எம்மிடம் இருந்தது. அமெரிக்காவில் விமானம் மாறுவோரும் குடிவரவுப் பகுதியைக் கடந்தே ஆகவேண்டும். விசாவின்றி இடைமாற இடந்தந்த பழைய ஏற்பாடு 2003இல் நிறுத்தப்பட்டுவிட்டது.

நிச்சயித்த சீட்டுடையவர் ஒரு வழிக்குரிய பத்திரங்களை ஆயத்தஞ் செய்தாற் போதும். இடங்கிடைத்த வழியால் ஓட நினைப்பவரோ எல்லா வழிகளின் சட்டங்களையும் அறிந்திருக்க வேண்டும். இதை நாம் மண்டபத்தில் நின்றே கற்றோம். உத்தியோகத்தரின் கண்டிப்புக்கும் காரணமுண்டு. 1944இல் சிக்காகோவிற் கைச்சாத்தான சிவில் விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் ஒன்பதாம் இணைப்பின்படி, அநுமதி மறுக்கப்பட்ட பிரயாணியைத் திருப்பிக் கொண்டுபோகும் பொறுப்பு ஏற்றிவந்த நிறுவனத்தையே சாரும். பல நாடுகள் அபராதமும் அறவிடுகின்றன. (கட்டுநாயக்காவிலே பிரித்தானிய விமானப்படை தளம் அமைத்ததும் அதே 1944இலேதான்.)

எமக்கு அருகே முதிய அம்மையார் ஒருவர் நின்றார். சிங்கப்பூரிலுள்ள மகளுக்குப் பேறுகாலம். அவர் பெட்டியிலிருந்து பத்தியக்கறிச் சரக்குத்தூளின் மணம் வீசியது. அவருக்கு ஆசனமும் கிடைத்தது. ஆனால் கடவுச்சீட்டு இன்னும் ஐந்து மாதமே செல்லுபடியாகும். சிங்கப்பூர் ஆறு மாதம் கேட்கிறது. இலங்கையருக்கு அங்கு விசா வேண்டியதில்லை என்று கேள்விப்பட்டவர், மற்றதைக் கேளாது வந்துவிட்டார். "நான் போகாவிட்டாற் பரவாயில்லை, தம்பி, இந்தப் பெட்டியையாவது அனுப்பலாமா?" என்று அவர் கேட்டபோது, அந்த உத்தியோகத்தரும் தலைகுனிந்துகொண்டார்.

வியாழன் இரவு பிராங்பேர்ட் வழியாக இடம் வந்தது. மகிழ்ச்சியோடு அச்சமும் வந்தது. ஐரோப்பிய ஷெங்கன் நாடுகளின் 2009ஆம் ஆண்டு விசாச் சட்டக்கோவைப்படி, இலங்கைக் கடவுச்சீட்டுடையோர் அந்நாடுகளின் விமான நிலையத்துக்குள் விமானம் மாறுவதற்கே தனி விசா பெறவேண்டும். உத்தியோகத்தர் கணினியில் நெடுநேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். செல்லுபடியாகும் கனடிய விசா உடையோருக்கு அதிலிருந்து விலக்கு உண்டாம்! அமெரிக்காவிற் பயன்படாத அந்த விசா ஜேர்மனியில் எமக்குக் காவலாயிற்று.

ஆயினும் ஒரு சிக்கல். பிராங்பேர்ட்டுக்கு அப்பால் வேறு நிறுவனத்தின் விமானம். பொதிகளை ரொறொன்ரோவுக்கு நேரே பதிய இயலவில்லை. இடையில் அவற்றை எடுக்கப் போவதானால் எல்லை கடக்க வேண்டும். அதற்கு எமக்கு அநுமதியில்லை. எனவே பெட்டிகளை வான்காரரிடமே திருப்பி ஒப்படைத்தோம். ஒரு கிழமையாய் இடித்து, வறுத்து, சுட்ட பயற்றம் பணியாரம் திரும்பிப் போவதைப் பார்த்துத் துணைவியார் கண்கலங்கினார்.

பிராங்பேர்ட்டில் ஓரிரவு நாற்காலியிற் கழிந்தது. சனி பிற்பகல் ரொறொன்ரோவில் இறங்கினோம். "எப்போது திரும்புவீர்கள்?" என்றார் எல்லை உத்தியோகத்தர். இடங்கிடைக்கும் நாளில் என்று நாம் வாய்திறக்குமுன், துணைவியார் முந்திக்கொண்டு, தாம் கற்பிக்கும் பாடசாலையின் விடுமுறை அநுமதிக் கடிதத்தை நீட்டினார். அவர் திகதியைப் பார்த்தார், முத்திரை விழுந்தது.

வெளியே மருதோன்றிக் கைகளுடன் மணமகளே வந்து நின்றாள். எம்மைக் கட்டிக்கொண்டாள், பின் எம் வெறுங்கைகளைப் பார்த்தாள்.

"மாமி, பணியாரம் எங்கே?"