மரத்தின் கோணலா, மட்டத்தின் கோணலா?

மேலூர்ச் சாலையோரம் ஆடிக் காற்றில் சாய்ந்த வேப்பமரத்தின் அகன்ற பலகை ஒன்று நம்மிடம் வந்து சேர்ந்தது. மக்தபுப் பிள்ளைகள் குர்ஆன் வைத்து ஓத அதைப் பயன்படுத்த நாடினோம். ஓர் அங்குலக் கனம் உலர ஏறக்குறைய ஓராண்டு வேண்டும் என்பது தச்சர் கணக்கு. இரண்டங்குலப் பலகையை ஈராண்டுகள் நிழலில் காயவைத்தோம். அது உலர்ந்து, முறுக்கிக்கொண்டது. மரம் நீரை இழக்கையில் வளையத்தின் போக்கில் மிகுதியாகவும், நடுத்தண்டை நோக்கிக் குறைவாகவும், நீளவாக்கில் மிகச் சிறிதாகவும் சுருங்கும். அந்த ஏற்றத்தாழ்வே கோணலாகிறது.

இழைப்புளி பிடிக்கும் கைப்பழக்கம் நமக்கில்லை. எனவே 'ரூட்டர்' என்னும் மின்கருவியை இரவல் வாங்கி, அதற்கொரு சறுக்குப்பெட்டி செய்தோம். பலகையை ஆப்பு வைத்து அசையாமல் நிறுத்தி, இருபுறமும் இரு சட்டங்களைப் பொருத்தினோம். சட்டங்களின் மேல் பெட்டி நீளவாக்கில் நகரும். பெட்டிக்குள் ரூட்டர் குறுக்கே ஓடும். கத்தி ஒரே உயரத்தில் நிற்பதால் மேட்டை மட்டுமே சீவும். முறைக்கு இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் இறக்கலாகாது. மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு இரண்டு நாள் உழைத்தோம்.

சீவிய முகத்தைச் சமதரையில் கவிழ்த்தோம். பலகை ஆடியது! மரத்தை நொந்துகொண்டோம். பிறகு ரசமட்டம் வைத்துப் பார்த்தால், ஒரு சட்டத்தின் முனை மூன்று மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. கருவி பிழை செய்யவில்லை. சட்டத்தின் பிழையை அப்படியே மரத்தில் எழுதியிருந்தது.

அதே வாரம் ஒரு சிறுவன் 'ஸா' என்னும் எழுத்தைப் பிழைபட ஓதினான். மூன்று முறை கடிந்தோம். கண் கலங்க அவன் சொன்னான்: "நீங்க ஓதுற மாதிரிதானே ஓதுறேன், ஹஜ்ரத்!"

திகைத்தோம். நுனிநாக்கு மேல் முன்பற்களின் விளிம்பைத் தொட்டுப் பிறக்கும் எழுத்து அது. நமக்கு மேல் முன்பல் ஒன்று விழுந்து ஓராண்டாகிறது. செவிமடுத்தால், வரிசை முழுவதுமே நமது சீழ்க்கை ஒலி!

சட்டத்தை நிமிர்த்தி மீண்டும் சீவினோம். கோணல் போயிற்று, கூடவே கால் அங்குலக் கனமும் போயிற்று. சிறுவனிடம் மன்னிப்புக் கேட்டோம். பல் கட்டிக்கொள்ளும் வரை, எகிப்தின் ஷைகு மஹ்மூத் கலீல் அல்ஹுஸரி 1961-இல் ஓதிப் பதிவுசெய்த ஒலியைப் பிள்ளைகளுக்குக் கேட்பித்தோம்.

அன்பர்களே, நம் வீட்டுப் பிள்ளைகளிடம் ஒரு கோணலைக் கண்டால் கையை ஓங்குமுன், அவர்கள் எந்தச் சட்டத்தின்மீது ஓடி வந்தார்கள் என்று பார்ப்போமாக. அல்லாஹ் முதலில் நம்மை நேராக்குவானாக. ஆமீன்.