குருசடைத் தீவும் கடலுக்குள் ஒரு வயலும்

"கடலைப் பார்ப்பதற்கு நம் மாவட்டத்துப் பிள்ளைகள் 300 கிலோமீட்டர் போக வேண்டுமா?" என்று எங்கள் வீடுகளில் கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். முட்டத்துப் பாறைகளையும், குளச்சல் துறைமுகத்தையும், கன்னியாகுமரியில் 133 அடி உயரத்தில் நிற்கும் ஐயன் வள்ளுவர் சிலையையும் அடிக்கடி பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஆயினும் விலங்கியல் பாடத்தில் பவளப்பாறை என்று படித்தோமே அல்லாமல், எங்களில் ஒருவரும் அதைக் கண்டதில்லை. ஆகவே மன்னார் வளைகுடாவிலுள்ள குருசடைத் தீவுக்கு ஒரு நாள் கல்விச் சுற்றுலா என்று சிஸ்டர் அறிவித்ததும், வகுப்பறையில் எழுந்த ஆரவாரம் பக்கத்து வகுப்பு வரை கேட்டது.

"குருசடியா சிஸ்டர்?" என்று ஒருத்தி கேட்டாள். எங்கள் ஊர்களில் தெருமுனைதோறும் குருசடி உண்டல்லவா! "குருசடி அல்ல, குருசடை. அங்கே போய் யாரும் மெழுகுதிரி கேட்காதீர்கள்" என்று சிஸ்டர் சொல்ல, எல்லோரும் சிரித்தோம்.

எல்லோரும் என்று எழுதினோம், அது உண்மையல்ல. ஒருத்தி சிரிக்கவில்லை. அவளைப் பற்றித்தான் இக்கட்டுரையின் பாதி. அவளிடம் கேட்டு, அவள் சம்மதித்த பின்பே எழுதுகிறோம். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.

இவ்வாண்டுதான் எங்கள் வகுப்பில் சேர்ந்தவள், விடுதி மாணவி, மேற்குக் கடற்கரையிலுள்ள மீனவ ஊர் ஒன்றைச் சேர்ந்தவள். சுற்றுலாவுக்கான சம்மதக் கடிதம் அவள் வீட்டிலிருந்து கடைசியாக வந்தது. "கடலில் இறங்க விடக்கூடாது" என்று அவளுடைய அம்மை அதன் அடியில் தம் கைப்பட எழுதியிருந்தார்கள்.

பிப்ரவரி மாதத்து வெள்ளிக்கிழமை இரவு 9 மணிக்கு, பள்ளிச் சிற்றாலயத்தில் செபித்துவிட்டுப் பேருந்தில் ஏறினோம். தூத்துக்குடி, சாயல்குடி, கீழக்கரை என்று ஊர்கள் இருளில் கடந்து சென்றன. பாடியும் கதை பேசியும் களைத்து, எப்போது உறங்கினோம் என்று தெரியாது. பொழுது புலரும் நேரத்தில் "எழும்புங்க மக்களே, பாம்பன் பாலம்!" என்ற சிஸ்டரின் குரல் கேட்டுத் துள்ளி எழுந்தோம்.

சாலைப் பாலத்தின் மேல் நின்றுகொண்டிருந்தோம். இருபுறமும் கடல். இடப்புறம் பாக் நீரிணை குளம் போல் அசையாமல் கிடந்தது. வலப்புறம் மன்னார் வளைகுடா அலையடித்துக்கொண்டிருந்தது. இப்பக்கத்து மக்கள் ஒன்றைப் பெண்கடல் என்றும் மற்றதை ஆண்கடல் என்றும் சொல்வார்களாம். 1914-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பழைய இரயில் பாலம் ஓய்வு பெற்றுவிட்டது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் நடுப்பகுதி, கப்பல் வரும்போது மேலே உயர்ந்து வழிவிடும். 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்ததையும், பயணிகளோடு வந்த இரயில் கடலுக்குள் போனதையும் சிஸ்டர் சொல்லத் தொடங்கினார்கள். ஏனோ பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்கள்.

நாங்கள் சன்னல்களில் முண்டியடித்துக்கொண்டிருக்க, எங்கள் புதிய தோழி மட்டும் இருக்கையின் உட்புறத்தில் தலைகுனிந்து இருந்தாள். அப்போது எங்களில் ஒருத்தி, தோவாளைப் பக்கத்து வயல்காட்டுப் பிள்ளை, வேடிக்கையாக, "எட்டி, கடற்கரைக்காரிக்குக் கடலைக் கண்டா பயமா?" என்று கேட்டாள். நாங்கள் சிரித்தோம்.

அவள் நிமிர்ந்து, "எங்க அப்பா ஓக்கியில போனாங்க. இன்னும் வரல்ல" என்றாள்.

2017 நவம்பர் 30-ஆம் நாள் ஓக்கிப் புயல் எம் மாவட்டத்தைத் தாக்கியபோது ஆழ்கடலில் இருந்த மீனவர் பலர் கரை திரும்பவில்லை. அப்போது எங்களில் பலர் சிறு பிள்ளைகள். மின்சாரம் இல்லாத நாட்களையும், முறிந்து கிடந்த வாழைகளையும், சாய்ந்த இரப்பர் மரங்களையுமே நாங்கள் நினைவில் வைத்திருந்தோம். அவள் நினைவில் இருந்தது வேறு. கடற்கரை ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு அவள் கதை முன்னமே தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்தது, தெரியாமல் கேலி செய்ததைவிடப் பெரிய பிழை என்று இப்போது உணர்கிறோம். அதன் பிறகு குந்துகால் வரும்வரை பேருந்தில் யாரும் பாடவில்லை.

குந்துகாலில்தான் தீவுக்குப் போகும் படகுத்துறை உள்ளது. எங்கள் குமரிமுனைப் பாறையில் 1892-இல் தவமிருந்த சுவாமி விவேகானந்தர், மேல்நாட்டுப் பயணம் முடித்து 1897 சனவரி 26-ஆம் நாள் வந்திறங்கியதும் இவ்விடமே. வனத்துறையினர் எங்கள் பைகளில் நெகிழிப் பொருள்கள் உள்ளனவா என்று பார்த்தபின், மிதவை அங்கி அணிவித்துப் படகில் ஏற்றினார்கள். எங்கள் தோழி படகின் நடுவில், சிஸ்டரின் முந்தானை நுனியைப் பிடித்தபடி செபமாலையோடு அமர்ந்தாள். அவளைக் கேலி செய்தவள் தானாகவே போய் மறுபக்கம் அமர்ந்துகொண்டாள்.

தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் உள்ளன. இவற்றையும் சுற்றியுள்ள கடலையும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அவற்றுள் குருசடைத் தீவு உயிரியல் அறிஞர்களின் சொர்க்கம் என்று பெயர் பெற்றது. இத்தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றிச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1927-இலேயே தனி நூல் வெளியிட்டிருக்கிறது. எங்கள் பாடநூலில் வரும் பாலனோகிளாசஸ் என்னும் புழுப்போன்ற உயிரி இத்தீவின் மணலில் வளை தோண்டி வாழ்கிறது. எவ்வளவு தேடியும் அது எங்கள் கண்ணில் படவில்லை. தேர்வுத்தாளில் மட்டும் தவறாமல் தென்படும் போலும்!

தீவின் கரையெங்கும் வெண்ணிறப் பவளத் துண்டுகள் எலும்புகள் போல் இறைந்து கிடந்தன. எதையும் எடுக்கக் கூடாது என்பது சட்டம். பவளம் என்பது கல்லும் அல்ல, செடியும் அல்ல. நுண்ணிய உயிர்கள் கோடிக்கணக்கில் கூடிக் கட்டிய வீடு என்று வழிகாட்டி அண்ணன் விளக்கினார். அவ்வுயிர்களின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருந்து உணவு தருகின்றன. கடல்நீர் மிகுதியாகச் சூடேறினால் பாசி வெளியேறிவிடும். பவளம் வெளுத்துப் பட்டினி கிடக்கும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இங்கே அவ்வாறு வெளுத்தது. முன்காலத்தில் சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததால், அலையைத் தடுக்க அரண் இன்றிப் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் நீரில் மூழ்கிப் போயின. "தீவு மூழ்குமா அண்ணா?" என்று கேட்டோம். "வேலியை வெட்டினா வயல் நிக்குமா?" என்று திருப்பிக் கேட்டார். நாஞ்சில் நாட்டுப் பிள்ளைகளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

நண்பகலில் கரை திரும்பியபோது, மணலில் பெண்கள் சிலர் பாசியைப் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி விட்டிருந்தார்கள். விரல்களில் துணி சுற்றியிருந்தது. கூரிய பாறை கிழிக்காமலிருக்கக் காலிலும் காப்பு. எங்களுக்கு வியப்பு! எங்கள் கடற்கரைகளில் பெண்கள் மீன் விற்பார்கள், கருவாடு உலர்த்துவார்கள், வலை பின்னுவார்கள்; கடலுக்குள் போவதில்லை. இங்கோ பெண்களே கடலில் மூழ்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பாறையிலிருந்து பாசி பறிக்கிறார்கள். மரிக்கொழுந்து என்று அவர்கள் சொல்லும் பாசியிலிருந்துதான் அகார் எடுக்கிறார்கள். எங்கள் ஆய்வகத் தட்டுகளில் நுண்ணுயிர் வளர்க்கிறோமே, அதே அகார்! கடல் வளம் அழியாதிருக்க மாதத்தில் 12 நாள் மட்டுமே பறிப்பது, மீன் இனப்பெருக்கக் காலத்தில் 45 நாள் நிறுத்திவிடுவது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். இவர்களுள் ஒருவரான சின்னப்பாலம் இலட்சுமி மூர்த்தி அவர்கள் 2015-இல் சீகாலஜி என்னும் அமெரிக்க அமைப்பின் பரிசைப் பெற்றார்கள்.

எங்கள் தோழி முதன்முறையாக வாய் திறந்து, "உங்களுக்குப் பயமா இல்லியா அக்கா?" என்று ஒருவரிடம் கேட்டாள்.

"இல்லாம என்ன தாயி? எங்க வீட்டுக்காரரையும் இந்தக் கடல்தான் வாங்கிக்கிச்சு. பிள்ளைகளுக்குச் சோறு போடுறதும் இதுதான். கோவிச்சுக்கிட்டு எங்க போக?" என்று சொல்லிவிட்டு அந்த அக்கா மீண்டும் குனிந்து பாசியைப் பிரித்துப் போடலானார்கள். எங்கள் தோழியும் குனிந்து ஒரு கைப்பிடிப் பாசியை எடுத்து விரித்தாள். பிறகு நாங்கள் எல்லோரும் சேர்ந்து, பேருந்து ஓட்டுநர் ஒலி எழுப்பும் வரை பாசி விரித்தோம்.

பிற்பகலில் பாக் நீரிணைக் கரையிலுள்ள பிரப்பன்வலசைக்குச் சென்றோம். அங்கே ஆழமற்ற அமைதியான நீரில், முகக்கண்ணாடியும் ஸ்நார்கெல் என்னும் சுவாசக் குழாயும் அணிந்து கடலடியைப் பார்க்கப் பயிற்சி தருகிறார்கள். அப்போது ஒரு வேடிக்கை வெளிப்பட்டது. குளத்திலும் கால்வாயிலும் குளித்து வளர்ந்த வயல்காட்டுப் பிள்ளைகளுக்கு நீச்சல் தெரிந்தது. கடற்கரைப் பிள்ளைகள் பலருக்குத் தெரியவில்லை! கடல் குளிக்கிற இடமல்ல என்றே அவர்களை வளர்த்திருக்கிறார்கள்.

எங்கள் தோழி சிஸ்டரிடம் சென்று, மெல்ல, "நானும் பார்க்கட்டுமா?" என்று கேட்டாள். சிஸ்டர் உடனே விடை சொல்லவில்லை. கைப்பேசியை எடுத்து அவளுடைய அம்மையை அழைத்தார்கள். மறுமுனையில் நெடுநேரம் பேச்சே இல்லை. நாங்கள் மூச்சடக்கி நின்றோம். இறுதியில், "சிஸ்டர் கையைப் பிடிச்சுக்கிட்டா இறங்கட்டும்" என்று அந்த அம்மை சொன்னார்களாம்.

அவ்வளவுதான்! சிஸ்டர் செருப்பைக் கழற்றினார்கள். கைக்கடிகாரத்தை எங்களிடம் தந்தார்கள். துறவாடையோடு அப்படியே இடுப்பளவு நீரில் இறங்கிவிட்டார்கள். அவளுடைய ஒரு கையைச் சிஸ்டரும், மறுகையைத் தோவாளைப் பிள்ளையும் பிடித்துக்கொண்டார்கள். முதல் முறை முகம் நீரைத் தொட்டதும் பதறி எழுந்துவிட்டாள். இரண்டாம் முறையும் அப்படியே. யாரும் சிரிக்கவில்லை. மூன்றாம் முறை முகத்தை வைத்தவள் எழவேயில்லை. குழாய் வழியாக மூச்சு போய் வரும் ஓசை மட்டும் கேட்டது. நாங்களும் சுற்றிலும் முகம் கவிழ்த்துப் பார்த்தோம்.

என்னே காட்சி! கண்ணுக்கெட்டிய தூரம் பச்சைப் புல்வெளி. நீரோட்டத்தில் ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் நிமிர்ந்தது. இடையிடையே கறுப்பு வரியிட்ட சிறுமீன்கள். அடியில் அசையாமல் ஒரு கடலட்டை. அப்பால் ஒரு நட்சத்திர மீன். இது பாசி அல்ல, கடற்புல் என்று பயிற்சியாளர் சொன்னார். வேர், இலை, பூ எல்லாம் உண்டாம். ஆவுளியா என்று இங்குள்ளோர் அழைக்கும் கடற்பசுவுக்கு இதுவே மேய்ச்சல். அதைக் காப்பதற்காகத் தமிழ்நாடு அரசு 2022-இல் பாக் நீரிணையில் தனிக் காப்பகம் அறிவித்திருக்கிறது.

வெகுநேரம் கழித்து எழுந்து கண்ணாடியைக் கழற்றினாள். கண் சிவந்திருந்தது, உப்புநீராலா, அழுகையாலா என்று நாங்கள் கேட்கவில்லை. தோவாளைப் பிள்ளையைப் பார்த்து, "எட்டி, உங்க ஊரு வயல் மாதிரி இருக்கு" என்றாள்.

"ஆமா பிள்ளே, நட்டு இருபது நாள் ஆன கும்பப்பூ நாத்து மாதிரி" என்று அவள் சொன்னாள். காலையில் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டாள். நாங்களும் கேட்டோம்.

கடலின் மேற்பரப்பை மட்டும் பார்த்து, ஒரு சாரார் அதை அழகு என்கிறோம்; மறுசாரார் அச்சம் என்கிறோம். இரண்டும் பொய்யல்ல. ஆனால் அதனடியில் வேர்விட்டுப் பூக்கும் வயலும், உயிர்கள் கூடிக் கட்டிய வீடும் இருக்கின்றன. ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் அமர்ந்தும், எங்கள் தோழியை நாங்கள் மேற்பரப்பில் மட்டுமே பார்த்திருந்தோம். கடலை உள்ளே பார்க்கக் கண்ணாடி தந்தார்கள். மனிதரை உள்ளே பார்க்கக் கொஞ்சம் பொறுமை போதும் போலும்.

நனைந்த உடையோடு பேருந்து வரை நடந்து வந்த சிஸ்டருக்குச் சிறப்பு நன்றி. நெடுந்தொலைவிலிருந்து ஒரு சொல்லால் கதவைத் திறந்துவிட்ட அந்த அம்மைக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

மாலையில் பேருந்து புறப்பட்டபோது, "எனக்குச் சன்னல் பக்கம் வேணும்" என்றாள் எங்கள் தோழி. நாங்கள் எழுந்து இடம் விட்டோம். இருட்டும்வரை அவள் கடலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

— பதினோராம் வகுப்பு, அறிவியல் பிரிவு மாணவியர்